பயறு விலை சொல்லும் குரல்: மொழியறிவும் தொழிலறிவும் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரங்கூனில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, தொலைபேசியில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பயறு விலை சொல்லும் ஒரு சிறிய பேச்சுச் சேவையைக் கட்டி வருகிறோம். கோயிலில், கல்யாண வீட்டில், மண்டியில் என்று எங்கே போனாலும் இதைப் பற்றி ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. கணினி படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம் கேட்கிறார்கள், வியாபாரம் செய்யும் பெரியவர்கள் இன்னொரு பக்கம் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதுகிறேன்.

இந்தச் சேவை என்ன செய்கிறது?

ரங்கூனுக்கு வடகிழக்கே இருக்கும் பெகு பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "உளுந்து இன்னைக்குக் கூடை என்ன போகுது?" என்று கேட்பார். கருவி அந்தக் குரலை எழுத்தாக்கும். எழுத்திலிருந்து அவருக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொள்ளும். விலைப் பட்டியலில் தேடும். கிடைத்ததைத் தமிழ் வாக்கியமாக்கிக் குரலில் சொல்லும். கேள்வியில் ஏதாவது விவரம் குறைந்தால் திரும்பக் கேட்கும்: "ரங்கூன் சந்தை விலையா, பெகு விலையா?"

பயறு விலைக்கு எதற்கு இவ்வளவு பாடு?

பர்மா உளுந்தையும் துவரையையும் அதிகம் வாங்குவது இந்தியா. அங்கே ஓர் அரசாணை வந்தால் இங்கே களத்துமேட்டில் விலை ஆடும். 2017 ஆகஸ்டில் இந்தியா துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு வரம்பு கட்டியபோது இங்கே விலை சரிந்தது. அப்புறம் 2021இல் ஆண்டுக்கு உளுந்து 2.5 லட்சம் டன், துவரை 1 லட்சம் டன் என்று ஐந்தாண்டு ஒப்பந்தம் வந்தது. இதெல்லாம் பர்மிய எழுத்திலும் ஆங்கிலத்திலும் செய்தியாக வருகிறது. தமிழ் மட்டும் பேசி, எந்த எழுத்தும் சரளமாகப் படிக்க வராத ஒரு பெரியவருக்கு அது போய்ச் சேர ஒரே வழி இன்னொருவர் வாய்தான். அந்த வாய் தரகருடையதாகவே இருந்தால் அவர் எப்படிப் பேரம் பேசுவார்? அதற்காகத்தான் இந்தப் பாடு.

மொழியறிவு, தொழிலறிவு என்று பிரிக்கிறீர்களே, வித்தியாசம் என்ன?

ஒரே ஒரு சொல்லை வைத்துச் சொல்லிவிடுகிறேன்: வீசை.

தமிழ்நாட்டுப் பழைய கணக்கில் 40 பலம் ஒரு வீசை. இன்றைய அளவில் சுமார் 1.4 கிலோ. பர்மாவில் பெய்த்தா என்று ஓர் எடை இருக்கிறது. ஆங்கிலேயர்கள் அதற்கு நம்முடைய வீசை என்ற சொல்லையே எடுத்து 'விஸ்' என்று எழுதினார்கள். நாங்களும் பேச்சில் வீசை என்றுதான் சொல்கிறோம். ஆனால் இந்த வீசை சுமார் 1.63 கிலோ. அங்கே வழக்கொழிந்து போன சொல் இங்கே தினமும் தராசில் ஏறுகிறது, வேறு எடையோடு.

'வீசை' ஓர் அளவுப் பெயர், 'வீசைக்கு', 'வீசையில', 'அரை வீச' என்று உருமாறும், எண்ணுக்குப் பின்னால் வரும். இதெல்லாம் மொழியறிவு. தமிழ் தெரிந்த யாரும் சொல்லிவிடலாம். அது எத்தனை கிலோ, எந்தச் சரக்கை வீசையில் விற்பார்கள், எதைக் கூடையில் விற்பார்கள் என்பது தொழிலறிவு. இதற்கு மண்டிக்காரர் வேண்டும். சென்னையில் செய்த கருவியைக் கொண்டுவந்து இங்கே வைத்தால் சொல்லைச் சரியாகப் பிடித்துவிட்டு எடையைத் தப்பாகச் சொல்லும். கேட்பவருக்குத் தப்பு என்றே தெரியாது, ஏனென்றால் வாக்கியம் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன கெட்டுவிடும்?

நாங்கள் முதலில் அப்படித்தான் வைத்தோம். "நெல் கூடை என்ன விலை", "அரிசி கூடை எவ்வளவு" என்று ஒவ்வொரு வாக்கிய வடிவத்துக்கும் பக்கத்திலேயே கணக்கையும் எழுதினோம். பத்து வாக்கியம்வரை நன்றாக ஓடியது.

கூடை என்பது முகத்தல் அளவு. பர்மியில் தின் என்பார்கள். கூடை ஒன்றுதான், எடை சரக்கைப் பொறுத்தது: நெல் 46 பவுண்டு, அரிசி 75 பவுண்டு, எள் 54 பவுண்டு, தோலோடு நிலக்கடலை 25 பவுண்டு. எங்களில் ஒருவர் நிலக்கடலை வாக்கியங்களைச் சேர்க்கும்போது நெல் வரிகளை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினார். 46 அப்படியே தங்கிவிட்டது. சோதனைக்குச் சேர்ந்திருந்த விவசாயி ஒருவர் கூப்பிட்டுக் கேட்க, வீசை விலையைக் கூடை விலையாக மாற்றிச் சொன்ன கருவி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சொன்னது. அவர் அதை நம்பி வண்டி பிடித்து மூட்டை ஏற்றிவிட்டார். பாதி வழியில் மகன் போனில் சொல்லித் திருப்பியிருக்கிறார். வண்டிக் கூலியை நாங்கள் கொடுத்தோம். அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி எங்கள் தரகர் மாமா, "எங்கே தப்பு, காட்டு, நான் திருத்துறேன்" என்று உட்கார்ந்தார். திரையைக் காட்டினோம். அதில் வினையெச்சமும் விகுதியும் விலையும் பவுண்டும் ஒரே களேபரமாகக் கிடந்தன. நாற்பது வருஷம் மூட்டை பார்த்தவருக்குத் தன் தொழிலை அதில் அடையாளம் தெரியவில்லை. பிரித்து வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தது அந்த ராத்திரிதான். ஒவ்வொரு அறிவுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். மற்றதைத் தொடாமல் தன் பங்கை அவர் திருத்த முடிய வேண்டும். இப்போது மாமாவுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது: சரக்கு, கூடை எடை, எந்தச் சந்தை, எந்தத் தரம். அதில் ஒரு எண்ணை மாற்றினால் எல்லா வாக்கியத்திலும் மாறும்.

வெளியே இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1997இல் தொலைபேசியில் வானிலை சொல்லும் ஜூபிடர் என்ற கருவியை ஓட்டினார்கள். விமான விவரத்துக்கு பெகாசஸ் என்று இன்னொன்று. கேட்கும் பகுதியும் பேசும் பகுதியும் அடியில் பொது. துறை மட்டும் மாறும். நாங்கள் அதைப் படித்திருந்தும், அடிபட்ட பிறகுதான் உறைத்தது.

தொழிலறிவுப் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது?

சரக்கு, ரகம், தரம், அளவு, சந்தை, நாள், அவற்றுக்குள் இருக்கும் உறவு. உளுந்து ஒரு பயறு. உளுத்தம்பருப்பு அதை உடைத்தது, வேறு விலை. உளுந்தில் எஃப்ஏக்யூ (சராசரித் தரம்), எஸ்க்யூ (சிறப்புத் தரம்) என்று இரண்டு தரம் உண்டு, இரண்டுக்கும் நடுவே விலை இடைவெளி உண்டு. துவரையில் லெமன் என்று இந்திய வியாபாரிகள் கேட்டு வாங்குவது பர்மா துவரை. ஏற்றுமதி விலை டன்னில் பேசப்படும், களத்து விலை கூடையிலோ வீசையிலோ பேசப்படும். ஒரு டன் சுமார் 612 வீசை. கேட்பவர் எந்த அளவில் கேட்டாரோ அந்த அளவில்தான் பதில் போக வேண்டும்.

நாளும் இதில்தான் சேரும். தபவுங், கசோன், வாசோ, தடின்ஜுட் என்ற பர்மிய மாதங்களின் பௌர்ணமிகள் அரசு விடுமுறை. "பௌர்ணமிக்கு மறுநாள் விலை" என்று கேட்டால் கருவிக்கு அந்தப் பௌர்ணமி தெரிந்திருக்க வேண்டும். "வருஷப் பிறப்புக்கு முன்னால" என்றால் நமக்குச் சித்திரை ஒன்று. அதே சமயத்தில்தான் பர்மியரின் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும். "சென்னையில காலை பத்து மணி விலை" என்றால் இங்கே பதினொரு மணி.

இன்னொன்று, இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: ஒவ்வொரு விலைக்கும் அது எப்போது எடுத்தது என்ற நேரம் ஒட்டியிருக்க வேண்டும். நேரம் இல்லாத விலையைக் கருவி சொல்லவே சொல்லாது.

ஊர்ப் பெயர்கள் மாறிவிட்டனவே, எதை ஏற்கிறீர்கள்?

எல்லாவற்றையும். 1989இல் அரசு பெயர்களை மாற்றியது. பெகு பகோ ஆனது, பசீன் பத்தெய்ன் ஆனது, புரோம் பியே ஆனது, சிரியம் தன்லின் ஆனது, மோல்மேன் மோலமியாய்ன் ஆனது. எங்கள் பாட்டி தலைமுறை இன்றும் சிரியம்தான் சொல்லும், பேரன் தன்லின் என்பான்.

தொழிலறிவில் அது ஒரே ஊர், ஒரே எண். பெயர்கள் எல்லாம் மொழியறிவுப் பக்கத்தில் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். பதில் சொல்லும்போது கேட்டவர் எந்தப் பெயரைச் சொன்னாரோ அதையே திருப்பிச் சொல்வோம். "பசீன் விலை" என்று கேட்டவரிடம் "பத்தெய்ன் விலை" என்று சொன்னால், வேறு ஊர் விலையைச் சொல்கிறதோ என்று பெரியவர்கள் குழம்புகிறார்கள்.

புரிந்துகொள்ளும் சொல்லும் பேசும் சொல்லும் ஒன்றேதானா?

இல்லை, அப்படி இருக்கவும் கூடாது. கொண்டைக்கடலைக்குப் பர்மியில் கலாப்பே என்று பெயர். பே என்றால் பயறு. முன்னால் இருக்கும் 'கலா' எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரைக் குறிக்கும் சொல். அது தெருவில் எப்படி வசையாக வீசப்படும் என்று இங்கே வளர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சந்தையில் சரக்கின் பெயர் அதுதான். எங்கள் ஆட்களே அப்படித்தான் கேட்பார்கள்.

ஆகவே கருவி அந்தச் சொல்லைக் கேட்டால் புரிந்துகொள்ளும், பதிலில் "கொண்டைக்கடலை" என்று மட்டுமே சொல்லும். மேலே ஊர்ப் பெயரில் கேட்டவர் சொல்லையே திருப்பிச் சொல்வோம் என்றேன். அந்த விதிக்கு இது விலக்கு. இதற்காகவே ஒவ்வொரு சொல்லுக்கும் 'கேட்க', 'பேச' என்று இரண்டு குறி வைத்திருக்கிறோம். எந்தச் சொல்லுக்கு 'பேச' குறி போடுவது என்பதை நிரல் எழுதுபவர் தனியாக முடிவு செய்வதில்லை, எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான்.

தமிழ் இலக்கணம் இதற்கு உதவுமா, அல்லது எல்லாம் மேல்நாட்டுக் கோட்பாடுதானா?

நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உதவியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

பேச்சுக் கருவி செய்பவர்கள் ஒவ்வொரு பேச்சும் என்ன செயலைச் செய்கிறது என்று வகைப்படுத்துவார்கள்: கேட்கிறதா, சொல்கிறதா, உறுதி செய்கிறதா, மறுக்கிறதா. ஆஸ்டின், அவருக்குப் பின் சர்ல் என்ற தத்துவ அறிஞர்களின் 1960களில் வெளிவந்த நூல்களிலிருந்து இந்த வகைகள் வருகின்றன என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். ஆனால் வினா ஆறு, விடை எட்டு என்று பவணந்தியார் நன்னூலில் வகுத்ததை நம்மில் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். இங்கே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நானும் செய்தேன். எதற்கென்று அப்போது தெரியாது.

மண்டியில் நின்று பாருங்கள். "உளுந்து இருக்கா?" என்று ஒருவர் கேட்கிறார். வாங்க வந்தவர் கேட்டால் அது கொளல்வினா. தன்னிடம் இருப்பதைக் கொடுக்க நினைத்து, "உங்கக்கிட்ட உளுந்து இருக்கா?" என்றால் அது கொடைவினா. வாக்கியம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் முதலாமவருக்கு விற்கும் விலை சொல்ல வேண்டும், இரண்டாமவருக்கு வாங்கும் விலை. "இது எஃப்ஏக்யூவா எஸ்க்யூவா?" என்பது ஐயவினா, கருவி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்ல வேண்டும், "ஆமாம்" என்று சொன்னால் கேலிக்கூத்து. தனக்கு விலை தெரிந்துகொண்டே கருவியைச் சோதிக்கக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அது அறிவினா. எங்கள் முதல் மாதத்தில் பாதி அழைப்பு அப்படித்தான்.

விடைப் பக்கம் இன்னும் அழகு. "துவரை விலை வந்திருச்சா?" என்றால், "உளுந்து விலை வந்திருக்கு" என்று சொல்வது இனமொழி விடை. நேரடியாக இல்லை என்று சொல்லாமல் இல்லை என்று தெரிவிப்பதோடு, கையில் இருப்பதையும் காட்டுகிறது. "தெரியவில்லை" என்று மட்டும் சொல்லும் கருவியை மக்கள் இரண்டாம் தடவை கூப்பிடுவதில்லை. ஆனால் இனமொழி விடை சொல்ல வேண்டுமானால் துவரைக்கு இனம் எது என்று தெரிய வேண்டும். அது தொழிலறிவில் இருக்கிறது. வாக்கியத்தின் வடிவம் மொழியறிவில் இருக்கிறது. இரண்டும் கைகோக்கும் இடம் இதுதான். எங்கள் வேலையில் முக்கால்வாசி இந்த இடத்திலேயே போகிறது.

கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வி வந்தால் அதுவும் விடைதான் என்று தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார். "கூடை என்ன விலை?" "நெல்லா, அரிசியா?" இந்தத் திருப்பிக் கேட்பதைக் கருவியின் தோல்வியாக எண்ணிக் குறைக்கப் பார்த்தோம். கூடை எடை சரக்கைப் பொறுத்தது என்று தெரிந்தவன் முதலில் அதைத்தானே கேட்பான்? இப்போது அதைக் குறைப்பதில்லை. எங்கள் கோப்புகளில் ஒவ்வொரு பேச்சு வகைக்கும் பெயர் நன்னூல் பெயர்தான். புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் சட்டென்று புரிகிறது.

உரையாடல் ஓடும்போது முன்னால் சொன்னதை எப்படி நினைவு வைக்கிறது?

இது மூன்றாவது அறிவு: நடந்துகொண்டிருக்கும் பேச்சின் அறிவு. மொழியிலும் சேராது, தொழிலிலும் சேராது. போனை வைத்தால் போய்விடும்.

ஸீராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் டேனியல் பாப்ரோவும் மற்றவர்களும் 1977இல் கஸ் என்ற நிரலை விவரித்தார்கள். விமானப் பயணத்துக்கு ஒரு படிவம் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டம் காலியோ அதைக் கேட்டு நிரப்பும். அடிப்படையில் நாங்களும் அதைத்தான் செய்கிறோம். எங்கள் படிவத்தில் சரக்கு, தரம், அளவு, சந்தை, நாள் என்று ஐந்து கட்டம். "பெகுவில இன்னைக்கு உளுந்து கூடை என்ன?" என்று கேட்டவர் அடுத்து, "அப்போ துவரை?" என்பார். ஒரே சொல். சரக்கு மட்டும் மாறி, பெகு, இன்று, கூடை மூன்றும் அப்படியே நிற்க வேண்டும். தரம் நிற்கக் கூடாது, ஏனென்றால் உளுந்தின் எஸ்க்யூ துவரைக்குப் பொருந்தாது. எது நிற்கும், எது அழியும் என்று முடிவு செய்வது மறுபடியும் தொழிலறிவுதான்.

இங்கே ரொம்பத் தொந்தரவு கொடுத்த சொல் 'சரி'. "பெகு சந்தை, உளுந்து, கூடைக் கணக்கு" என்று கருவி சொன்னதும் "சரி" என்றால், ஒப்புக்கொண்டேன் என்றும் அர்த்தம், கேட்டுக்கொண்டேன் மேலே சொல்லு என்றும் அர்த்தம், போதும் வைக்கிறேன் என்றும் அர்த்தம். ராகத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தோம், சரிவரவில்லை. கடைசியில் கருவியின் கேள்வியை மாற்றினோம். வெறும் "சரியா?" என்று கேட்பதை நிறுத்தி, "கூடைக் கணக்கா, வீசைக் கணக்கா?" என்று கேட்கிறோம். அதற்கு யாரும் "சரி" என்று பதில் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் பேச்சு தமிழும் பர்மியும் கலந்தது. கருவிக்குப் புரியுமா?

புரிய வேண்டும், இல்லாவிட்டால் இதைச் செய்வதில் அர்த்தமே இல்லை. "மட்பே ஒரு டன் எத்தனை தெய்ன்?" என்பது எங்களுக்குத் தமிழ் வாக்கியம். மட்பே உளுந்து, தெய்ன் லட்சம். பர்மியில் பத்தாயிரத்துக்கும் தவுங் என்று தனிச் சொல் உண்டு, தமிழில் இல்லை. கலந்து பேசும்போது "ரெண்டு தவுங் ஐந்நூறு" என்று வரும், இருபதாயிரத்து ஐந்நூறு. எண்ணைப் படிக்கும் பகுதியை இரண்டு மொழிக்கும் சேர்த்தே எழுத வேண்டியிருந்தது.

அடியில் இருக்கும் பொருள் ஒன்று, மேலே வரும் மொழி வடிவங்கள் பல என்ற அமைப்பை ஆர்னே ரண்டா 1998 முதல் வளர்த்துவரும் இலக்கணக் கட்டமைப்பில் பார்க்கலாம். அதில் பொருளைச் சொல்லும் அருவ இலக்கணம் ஒன்று, அதை வாக்கியமாக்கும் உருவ இலக்கணம் ஒவ்வொரு மொழிக்கும் தனி. கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கச் சொல்வேன். நாங்கள் அதிலிருந்து எடுத்தது ஒரு பாடம்தான்: பர்மியப் பக்கத்தைப் பிறகு சேர்க்கும்போது மாமாவின் பட்டியலில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

குரலை எழுத்தாக்குவதில் என்ன சிக்கல்?

சாதாரணத் தொலைபேசி இணைப்பில் ஒலி 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டப்படும். ஸ, ஷ வித்தியாசம் பெரும்பாலும் அங்கேயே போய்விடும். அதோடு தமிழ் எழுத்து ஒலியை முழுசாகக் காட்டாது. 'பகோ' என்று எழுதினால் முதலெழுத்து பம்பரத்தின் ஒலியா, பர்மாவின் ஒலியா என்று கருவிக்குத் தெரியாது. அதனால் அகராதியில் எழுத்து ஒரு பத்தி, உச்சரிப்பு இன்னொரு பத்தி. ஒரு சொல்லுக்கு மூன்று நாலு உச்சரிப்புகூட உண்டு.

பர்மியப் பட்டியல்களில் இன்னொரு வேலை இருக்கிறது. பர்மா 2019 அக்டோபர் 1 அன்றுதான் ஜாஜி என்ற பழைய பர்மிய எழுத்துக் குறியீட்டிலிருந்து உலகப் பொதுவான யூனிகோடுக்கு முறைப்படி மாறியது. பழைய கோப்புகள் ஜாஜியில் இருக்கும். மாற்றாமல் சேர்த்தால் ஒரே ஊர் இரண்டு ஊராகும்.

சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள் வந்துவிட்டன. இந்தப் பட்டியல், இலக்கணம் எல்லாம் இன்னும் தேவையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மொழிப் பக்கத்தில் அவை நல்ல உதவி. ஒரு விலைக் கேள்வியை எத்தனை விதமாகக் கேட்கலாம் என்று நூறு வாக்கியம் எழுதித் தரும், நாங்கள் அதில் எங்கள் பேச்சுக்கு ஒட்டாததைக் களைந்துவிட்டு எடுத்துக்கொள்வோம். 2022இல் வந்த விஸ்பர் போன்ற கேட்கும் மாதிரிகளையும் முயன்று பார்த்தோம். அது ஒலியை 30 விநாடித் துண்டாக எடுத்து, அந்தத் துண்டு என்ன மொழி என்று ஒன்றைக் குறித்துக்கொண்டு எழுதும். எங்கள் வாக்கியமோ மூன்று விநாடிக்குள் இரண்டு மொழி.

விலையும் எடையும் மட்டும் மாதிரியின் வாயிலிருந்து வரக் கூடாது. அது பட்டியலில் பார்த்துச் சொல்வதில்லை, படித்த எழுத்தின் பழக்கத்தில் சொல்கிறது. தமிழில் அது படித்திருக்கக்கூடிய வீசை பெரும்பாலும் தமிழ்நாட்டு வீசை. மாதிரி கேள்வியைப் படிவத்தில் நிரப்பித் தரட்டும், பதிலை வாக்கியமாக்கட்டும். நடுவில் எண் வரும் இடம் மாமாவின் பட்டியலுக்கு மட்டும்தான். வாக்கியம் தயாரான பிறகும் அதிலிருக்கும் எண் பட்டியல் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டே குரலுக்கு அனுப்புகிறோம்.

மின்சாரம் போனால்?

ஒரு சிறிய கணினியில் எல்லாம் அடங்குமாறு வைத்திருக்கிறோம், பக்கத்தில் பேட்டரி இருக்கிறது. பட்டியல்கள் சிறியவை என்பதால் இணையம் இல்லாமலும் ஓடும். புது விலை மட்டும் வராது, அப்போது பழைய விலையை அதன் நாளோடு சொல்லும்.

எங்கள் வீட்டில் வேறு சொல் சொல்கிறோம். அதைச் சேர்க்க முடியுமா?

கண்டிப்பாக. அப்படிச் சொல்பவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம், நாலு பத்தி: கேட்ட சொல், சொன்னவர் ஊரும் வயதும், அது எந்தப் பொருள், எந்தப் பக்கத்தில் சேரும். பெயர் எழுதுவதில்லை. தப்புத் தமிழ் என்று எதையும் தள்ளுவதில்லை.

போன வாரம் துவான்டே பக்கத்து அம்மா ஒருவர் "ஒடச்ச மட்பே" என்றார். மொழிப் பக்கத்தில் 'ஒடச்ச' சேர்ந்துவிட்டது. பொருள் பத்தி இன்னும் காலி. தோலோடு உடைத்ததா, தோல் நீக்கியதா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்; இரண்டுக்கும் விலை வேறு. சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.